ஏழு நாள் கையொப்பம்

ஞாயிறு இரவு, பாத்திரம் கழுவி முடித்தபின்
மகளின் கைபேசியை வாங்கி
மடிக்கணினியோடு கம்பியில் கட்டுவேன்.
நான் எழுதிய செயலிக்கு
ஏழு நாள்தான் ஆயுள்.
எட்டாம் நாள் தொட்டால்
கண் திறந்து, உடனே மூடிக்கொள்ளும்.
பணம் கட்டியவனுக்கு ஓராண்டு தருகிறார்கள்.
கட்டலாம். கட்டியிருக்கலாம்.
என் குழந்தையின் இரத்தத்தைப் படிக்க
இன்னொருவனுக்கு வாடகையா என்று
ஒரு வீம்பு.

நேஷாவுக்குப் பதினொரு வயது.
மேற்கையில் காசளவு உணரி,
ஐந்து நிமிடத்துக்கொரு முறை சர்க்கரையைச் சொல்லும்.
உணரி செய்த கம்பெனியின் செயலிக்கோ
அலற மட்டுமே தெரியும்,
வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்க்க.
"கத்தாமச் சொல்லாதாப்பா அது?"
அவள் கேட்டது அவ்வளவுதான்.
அதற்காக ஒரு குளிர்காலம் முழுக்க,
திராவா ஆறு பாலத்தடியில்
உறைந்தும் உறையாமலும் கிடந்த இரவுகளில்,
எழுதினேன்.
இறங்கினால் இரண்டு அதிர்வு.
ஏறினால் ஒன்று, நீளமாக.
கடைக்கு அனுப்பிவைத்தேன்.
மூன்றாம் நாள் பதில் வந்தது:
உரிய மருத்துவச் சான்றுகள் இணைக்கப்படவில்லை.
கீழே பெயர் இல்லை,
'அன்புடன்' மட்டும் இருந்தது.

பூட்டே கூடாது என்பவனில்லை நான்.
மைத்துனன் பிளாஷ்
பார்சல் வந்திருப்பதாகச் சொன்ன ஒரு சுட்டியைத் தொட்டு
எதையோ நிறுவி
மூன்று மாதச் சம்பளத்தைத் தொலைத்தான்.
"அனுமதி கேட்டுச்சு, குடுத்தேன்" என்றான்,
திருடனுக்கு நாற்காலி போட்டவன் முகத்தோடு.
அன்று நானும்தான் சொன்னேன்,
எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டவேண்டும் என்று.
சாவி யார் இடுப்பில் இருக்கும் என்று
பிளாஷ் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

பகலில் நான் வங்கிச் செயலிக்கு வேலை செய்கிறேன்.
இதைச் சொல்லாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.
மரிபோர் ரயில் நிலையத்துக்கு எதிரே மூன்றாம் மாடி,
காபி இயந்திரம் பழுது, நாற்காலிகள் நல்லவை.
போன செவ்வாய்க் கூட்டத்தில்
தாதேய் திரையைக் காட்டினான்:
கடைவழி வராத செயலி ஒன்றிருந்தாலும்
அந்தக் கைபேசியில் நம் வங்கி திறக்கக் கூடாது.
வேலைச்சீட்டு என் பெயரில் விழுந்தது.
இரண்டு நாள் ஆகும் என்றேன்.
ஒன்றரை நாளில் முடித்தேன்.
நாற்பது வரி.
சொல்லக் கூடாது, அழகான வரிகள்.
சோதித்துப் பார்க்கக்
கறைபட்ட கைபேசி ஒன்று வேண்டும் என்றார்கள்.
எங்கே கிடைக்கும் என்று
எனக்குத் தெரியும்.

ஞாயிறு. கம்பி. பச்சைப் பொட்டு.
அவள் கைச்செலவுக் கணக்கும் எங்கள் வங்கியில்தான்.
புதிய பதிப்பை ஏற்றித் தட்டினேன்.
'இக்கருவி நம்பத்தக்கதல்ல.'
முற்றுப்புள்ளி வரை நான் எழுதியது.
சோதனை வெற்றி.

"என்னப்பா செவப்பா வருது?"
"ஆபீஸ் வேலைடா."
அதை அழித்துவிட்டு
அதிரும் செயலிக்கு மறுபடி கையொப்பமிட்டேன்.
வாராவாரம் கேட்பதைக் கைபேசி கேட்டது:
'இந்த உருவாக்குநரை நம்புகிறீர்களா?'
கேள்விக்கடியில் என் முழுப்பெயர்,
கொராஸ்த் கோலோப்,
குற்றப்பத்திரிகையில் இருப்பதுபோல்.
தலை துவட்டிக்கொண்டே வந்தவள்
ஈரக் கட்டைவிரலால்
படிக்காமல்
ஆம் என்று அழுத்திவிட்டுப் படுக்கப் போனாள்.

விரல் ஈரம் திரையில் காய்வதற்குள்
கைபேசியை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.
சீட்டை 'முடிந்தது' பக்கம் நகர்த்தவேண்டும்,
நாளை காலை ஒன்பதுக்குள்.
சுட்டியை அதன்மேல் வைத்தேன்.
எடுத்தேன்.
பிளாஷின் முகம் வந்தது.
மறுபடி வைத்தேன்.

உள்ளறையில்
மரமேசைமேல் இரண்டு அதிர்வு.
ஆரஞ்சுச் சாறு எடுக்க
எழுந்து போனேன்.